ஓடு மாற்றும் வரிசை

ஆறு கடலில் கலக்கிற இடத்துக்கு வடக்கே, தாழம்புதரை ஒட்டி நீண்டு கிடந்த ஒரு மணல்கரையில் சங்கு நண்டுகள் குடியிருந்தன. சங்கு நண்டுக்கு முன்பக்கம்தான் கெட்டி, பின்பக்கம் வெறும் சதை. கடல் ஒதுக்கிப் போடும் காலிச் சங்கு ஒன்றைப் பிடித்துப் பின்பக்கத்தை அதற்குள் நுழைத்துக்கொண்டால்தான் பருந்துக்கும் உச்சி வெயிலுக்கும் தப்பலாம். உடம்பு வளர்ந்தால் ஓடு பற்றாது. அதைவிடப் பெரியதாகப் பார்த்து மாறிக்கொள்ள வேண்டும்.

அதற்கு அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. அலை ஒரு நல்ல சங்கைக் கொண்டுவந்து போட்டால், கண்ணில் பட்டவர் கொடுக்கால் அதைத் தட்டி ஊரைக் கூப்பிடுவார். எல்லோரும் வந்து, பெரிய உடம்புக்காரர் முன்னால், சின்ன உடம்புக்காரர் பின்னால் என்று வரிசையாக நிற்பார்கள். முதலில் நிற்பவர் புதுச் சங்குக்குள் போவார். அவர் விட்ட ஓட்டுக்குள் அடுத்தவர் போவார். அவர் விட்டதற்குள் அதற்கடுத்தவர். வந்தது ஒரே ஒரு சங்குதான் என்றாலும் அன்றைக்கு ஊரே குடிமாறும்.

பவளம் அந்த வரிசையின் நடுவில் நிற்கிறவள். குஞ்சுகளுக்குப் பாடம் சொல்வது அவள் வேலை. பருந்தின் நிழல் விழுந்தால் எப்படிச் சட்டென்று உள்ளே சுருங்குவது, எந்தக் கொடுக்கால் வாசலை அடைப்பது, நிழல் விலகியதும் அவசரப்படாமல் எப்படி வெளியே வருவது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பாள். அவள் கணவன் செம்பியன் காவல்காரன். கரையொதுங்கிய பெரிய மரத்துண்டு ஒன்றின் மேல் ஏறி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பருந்து தெரிந்தால் மரத்தில் டொக் டொக்கென்று தட்டுவான். ஊரே ஓட்டுக்குள் போய்விடும். அவர்களுக்குக் குமிழி என்று ஒரு மகள். அப்போதுதான் மணலில் நடக்கப் பழகியிருந்தாள்.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு கடல் ஒரு வெள்ளைச் சங்கைக் கொண்டுவந்து போட்டது. அவ்வளவு பெரிய சங்கை அந்தக் கரை பார்த்ததில்லை. வரிசை கூடியது. முதலில் நின்றவர் பெருங்கொடுக்கர். கரையிலேயே பெரிய உடம்பு அவருக்குத்தான். அவர் நிதானமாகப் புதுச் சங்குக்குள் போனார். ஆனால் பழைய ஓட்டை விடவில்லை. அதன் விளிம்பை ஒரு கொடுக்கால் பிடித்துக்கொண்டே நின்றார்.

பின்னால் நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "அய்யா, அதை விட்டீங்கன்னா நான் உள்ள போயிருவேன்."

"இருக்கட்டும்ப்பா. எம்மவன் வளர்ந்தா வேணுமில்ல?"

"அவன் வளர்றதுக்கு இன்னும் நாள் இருக்கே அய்யா."

"அதுவரைக்கும் நீ இருந்துக்கோ, யார் வேணாம்னா? இருக்கிறதுக்கு, உனக்குக் கிடைக்கிற இரையில பாதியை எனக்குக் கொடுத்திரு."

அன்றைக்கு யாராவது ஒருவர் 'இது முறையில்லை' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. யாரும் சொல்லவில்லை. பயந்துகொண்டுதான் சொல்லவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நம் முறை வரும்போது நாமும் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் வரிசை நெடுக ஓடியது. பவளத்துக்கும் ஓடியது.

ஆனால் அந்த முறை அவள் வரைக்கும் வரவேயில்லை. பெருங்கொடுக்கர் ஒன்றை வைத்துக்கொண்டார். அடுத்த சங்கு வந்தபோது, வாடகையாகச் சேர்த்த இரையைக் கண்டெடுத்தவரிடம் கொடுத்து அதையும் வாங்கினார். அதற்கடுத்ததும் அவருக்கே போனது. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பெரிய உடம்புக்காரர்களும் அதே வழியில் இறங்கினார்கள். தாழம்புதருக்கு அடியில் நல்ல நல்ல ஓடுகள் வாய் கவிழ்ந்து வரிசையாக உட்கார ஆரம்பித்தன. பாதிக்கு மேல் காலி. அவற்றுக்குள் காற்றுதான் குடியிருந்தது.

செம்பியனின் உடம்பு ஓட்டைவிட்டுப் பிதுங்கியபோது வேறு வழியில்லாமல் அவர்கள் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அவனுடைய பழைய ஓட்டையாவது பவளம் எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதை முன்பணமாகப் பெருங்கொடுக்கர் பிடித்துவைத்துக்கொண்டார். பவளம் கல்யாணத்துக்கு முன் இருந்த ஓட்டிலேயே இருந்தாள். உட்கார்ந்தால் முழங்கால்கள் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

முன்பெல்லாம் பௌர்ணமி வந்தால் நண்டுகள் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போய்வருவார்கள். பவளம் முதலில் அதை நிறுத்தினாள். நீட்டிய முழங்காலோடு யாரை வா என்று கூப்பிடுவது? அவள் கூப்பிடாததால் மற்றவர்களும் கூப்பிடவில்லை. அவர்களுக்கும் முழங்கால் நீட்டிக்கொண்டுதான் இருந்தது என்பது ஒருவருக்கொருவர் தெரியாமலே போயிற்று.

செம்பியனின் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் தாய் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தாள்.

"சொந்த ஓடா, வாடகையா?"

"வாடகைதாங்க."

"பையன் தங்கமாத்தான் இருக்கான். ஆனா..." என்று இழுத்தாள். அந்த 'ஆனா'வோடு அவர்கள் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு தம்பி அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

செம்பியனும் ஒருநாள் கேட்டான்: "குமிழி தனியா விளையாடிட்டு இருக்கா. அவளுக்கு ஒரு துணை வேணாமா பவளம்?"

"துணை வந்தா எங்க வைக்கிறது?"

அவன் எழுந்து மரத்துண்டை நோக்கிக் காவலுக்குக் கிளம்பினான்.

பவளம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டில் பாதியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவாள். வளர்ந்தால்தானே ஓடு பற்றாமல் போகும்? பசி பழகிவிட்டது. பாடம் சொல்லும்போது மட்டும் சில சமயம் கண் இருட்டிக்கொண்டு வரும். குஞ்சுகளைச் சுருங்கச் சொல்லிவிட்டு, அவளும் அப்படியே ஓய்வெடுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் பாடம் முடிந்து நடு மத்தியானத்தில் தாழம்புதர் வழியாக வந்துகொண்டிருந்தாள். மணல் கொதித்தது. காலி ஓடுகளின் வரிசையில் மூன்றாவதாக இருந்த பழுப்புச் சங்கு அவளைக் கூப்பிட்டது.

"இந்தா பொண்ணு, கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போயேன்."

பவளம் நின்றாள். "நீ பெருங்கொடுக்கர் ஓடு இல்ல?"

"அப்படித்தான் சொல்லிக்கிறாங்க. அவர் ஒரு நாள்கூட எனக்குள்ள வந்ததில்ல. யாராவது உள்ள நடமாடினாத்தான் நான் ஓடு. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் கிடந்தா நானும் ஒரு கல்லுதான்."

"யாராவது பார்த்தா?"

"வெயில்ல யார் வரப்போறா?"

பவளம் சுற்றும் முற்றும் பார்த்தாள். தன் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கால்களை ஒவ்வொன்றாக நீட்டினாள். எல்லாம் நீட்டிய பிறகும் இடம் மீதமிருந்தது. அவள் உடம்பு எவ்வளவு நாளாக மடங்கியே கிடந்தது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அப்படியே தூங்கியும் போனாள்.

"யாரது?" என்ற குரல் கேட்டு விழித்தாள். பெருங்கொடுக்கர் வெளியே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சங்கின் கனத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"மன்னிச்சுக்கங்க அய்யா. வெயில் தாங்கல, அதான்."

"டீச்சரம்மாவா? நீங்களே இப்படிச் செய்யலாமா?"

பவளம் வெளியே வந்து, அவர் முன்னாலேயே, தன் சின்ன ஓட்டுக்குள் உடம்பைத் திணித்தாள். அது ஒரே தடவையில் போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அய்யா, ஒண்ணு கேக்கட்டுமா? காலியாத்தான கிடக்கு. நான் கொஞ்ச நேரம் இருந்ததுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவர் கோபப்படவில்லை. குஞ்சுக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "இன்னிக்கு நீ இருப்ப. நாளைக்கு இன்னொருத்தர் இருப்பார். எல்லாருக்கும் இருக்க இடம் கிடைச்சிட்டா இந்த ஓட்டுக்கு என்னம்மா மதிப்பு? காலியா இருந்தாத்தான் அதுக்கு விலை."

அன்று சாயங்காலமே பவளம் செம்பியனிடம் சொன்னாள்: "என்னங்க, நாம ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிரலாம்."

ஆற்றுக்குத் தெற்கே பாறைக்காடு. நல்ல சங்கு அங்கே ஒதுங்குவது அபூர்வம். மனிதர் வீசிய குப்பைதான் ஒதுங்கும். இடம் கிடைக்காதவர்களெல்லாம் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். சிலர் இறுக்கமான பழைய ஓடுகளில் இருந்தார்கள். சிலர் பிளாஸ்டிக் மூடிக்குள் முதுகை நுழைத்துக்கொண்டு நடந்தார்கள். மூடி வெயிலில் கொதிக்கும், காற்றடித்தால் கழன்று ஓடும். செம்பியன் வாடகை ஓட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பழைய ஓட்டை வாங்கி அதற்குள் முட்டிமோதி நுழைந்தான். குமிழியும் இந்த நாட்களில் வளர்ந்து, தன் நத்தை ஓட்டை உடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு நீல மூடி கிடைத்தது.

வேலை மட்டும் இன்னும் பழைய கரையில்தான். பவளம் தினமும் அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் பாடம் சொல்வதை விட்டாள். செம்பியன் விடவில்லை. குமிழி விழிப்பதற்கு முன் கிளம்புவான், அவள் தூங்கிய பிறகு வந்து சேருவான். "அப்பா எப்படி இருப்பாரு?" என்று அவள் ஒருநாள் கேட்டபோது பவளம் சிரித்தாள். மகள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது.

எத்தனையோ வருஷம் ஊரைப் பருந்திடமிருந்து காத்தவனைப் பருந்து வழியில் பிடித்தது. அலுப்பில் அவன் வானத்தைப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தான். இறுக்கமான ஓட்டுக்குள் முழுசாகச் சுருங்கவும் முடியவில்லை. உயிர் தப்பியது. இரண்டு கால்கள் போய்விட்டன.

மருதாயி அக்காதான் வந்து பார்த்தாள். அடிபட்டவர்களுக்கும், வளரும்போது பழைய தோலைக் கழற்றுகிறவர்களுக்கும் துணையிருந்து பார்த்துக்கொள்கிறவள் அவள். அகலமான உடம்பு. பெருங்கொடுக்கரின் ஓடு ஒன்றில் பாதி இரை கொடுத்துக் குடியிருந்தாள். ஆற்றைக் கடந்து வந்தவள், காயம் ஆறும்வரை அங்கேயே தங்கிவிட்டாள்.

பழைய கரையில் மரத்துண்டு காலியாகக் கிடந்தது. தட்ட ஆளில்லை. பருந்து ஒரே வாரத்தில் நாலு பேரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பாடம் படிக்காத குஞ்சுகளுக்குச் சுருங்கத் தெரியவில்லை. பெருங்கொடுக்கரின் மகன் ஆற்றைக் கடந்து வந்து செம்பியன் முன்னால் நின்றான்.

"அப்பா உங்களை வரச் சொன்னாரு. காவலுக்கு ஆளே இல்ல."

"என் காலைப் பார்த்தியா தம்பி?"

"உங்களால முடியாட்டி வேற யாரையாவது அனுப்புங்க. வாடகையில கொஞ்சம் குறைச்சுக்கிறேன்னு அப்பா சொல்லச் சொன்னாரு."

செம்பியன் அவனை உட்காரச் சொன்னான். "தம்பி, ஆள் இல்லாம இல்ல. காவல் நிக்கிறவன், பாடம் சொல்றவ, காயம் பார்க்கிறவ, எல்லாரும் இருக்கோம். கூப்பிடு தூரத்துலதான் யாரையும் உங்கப்பா விட்டு வைக்கல. போய்ச் சொல்லு."

பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கென்று வைத்திருந்த ஓடு இன்னும் அவனுக்குப் பெரிதாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கடல் கொந்தளித்தது. அடங்கிய மறுநாள் விடிந்ததும் பவளம் இரை தேடிப் போனாள். பாறைச் சந்தில் ஒரு சங்கு செருகிக்கொண்டு நின்றது. பச்சையும் மஞ்சளுமாக, கீறல் இல்லாத சங்கு. அவளுக்கு அது மிகப் பெரியது. செம்பியனுக்கும் பெரியதுதான்.

யாரும் பார்க்கவில்லை. பவளம் கொடுக்கை நீட்டி அதன் விளிம்பைப் பிடித்தாள். பிடித்ததும் மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. இதைப் பாறைக்கடியில் மறைத்துவிடலாம். பெரிய உடம்புக்காரர் யாருக்காவது கொடுத்தால் பாதி இரை வரும். குமிழிக்கு ஒரு நல்ல ஓடு வாங்கலாம். குமிழி அப்பா இந்த அடிபட்ட உடம்போடு இரை தேடி நடக்க வேண்டியதில்லை. நாம் யார் குடியையும் கெடுக்கவில்லையே. நாம் கண்டெடுத்தது. அவள் சங்கை இழுத்தாள். அது பாறையின் நிழலுக்குள் வந்துவிட்டது.

"அம்மா!" என்று கூப்பிட்டுக்கொண்டே குமிழி வந்தாள். மூடி கல்லில் இடித்துக் கடகடவென்றது. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்த மாசம் நான் கொஞ்சம்கூட வளரவே இல்ல!"

பவளத்துக்கு முதலில் புரியவில்லை. "என்னடி சொல்ற?"

"மூடிக்குள்ள போன மாசம் எவ்வளவு இடம் இருந்துச்சோ, இப்பவும் அவ்வளவே இருக்கு. நீங்க பாதி சாப்பாட்டைத் தள்ளி வச்சிட்டு எழுந்திருப்பீங்கல்ல? நானும் அப்படியே செய்றேன். நல்லா வருதும்மா."

அவள் பாடத்தில் முதலாவதாக வந்தவள்போல் நின்றுகொண்டிருந்தாள். பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

பவளம் அவளைப் பார்த்தாள். கொடுக்கில் பிடித்திருந்த சங்கைப் பார்த்தாள். பிறகு கொடுக்கை எடுத்தாள். சங்கை நிழலிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, அதன் முதுகில் டொக் டொக்கென்று தட்டினாள். பாறைக்காட்டில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. முதலில் யாரும் வரவில்லை. அவள் விடாமல் தட்டினாள். ஒவ்வொருவராகத் தலையை நீட்டினார்கள். அது பருந்துக்காக மரத்தில் தட்டுகிற சத்தம் இல்லை, வரிசைக்காகச் சங்கில் தட்டுகிற சத்தம் என்று மருதாயி அக்காதான் முதலில் கண்டுகொண்டு வந்தாள்.

"யார் சங்குடி இது?"

"கடல் சங்கு அக்கா. நீங்கதான் முன்னால நிக்கணும்."

மருதாயி சங்கைச் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு தன் ஓட்டிலிருந்து வெளியே வந்து புதுச் சங்குக்குள் போனாள். காலியான ஓடு மணலில் கிடந்தது. அடுத்து நின்றவன் செம்பியன். அவன் அசையவில்லை.

"என்னங்க, போங்க" என்றாள் பவளம்.

"இது பெருங்கொடுக்கர் ஓடு."

வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அவர் பெயர் அந்தத் தூரத்திலும் அவ்வளவு வேலை செய்தது.

மருதாயி புதுச் சங்குக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "இதுல நான் இருந்த காலத்துக்குக் கொடுத்த இரையைக் குவிச்சு வச்சா இந்த ஓடே மறைஞ்சு போயிரும். இன்னும் அவருக்கு வேணும்னா வந்து எடுத்துக்கட்டும்."

"வந்துட்டா?"

"அந்த வெள்ளைச் சங்கைச் சுமந்துக்கிட்டு அவரால தாழம்புதரைத் தாண்ட முடியுமா? யாராவது தள்ளிவிட்டாத்தான் வரணும். தள்ளிவிடுற ஆளெல்லாம் இங்கதானே நிக்கிறோம்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசையின் கடைசி வரை போயிற்று. செம்பியன் மீதியிருந்த கால்களை ஊன்றி எழுந்தான். பழைய ஓட்டிலிருந்து அவனை வெளியே எடுக்க இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவன் மருதாயி விட்ட ஓட்டுக்குள் போனான். அவன் விட்டதில் பவளம் போனாள். பவளம் விட்டதில் பக்கத்துப் பாறைச் சடையன் போனான். சடையனின் நத்தை ஓடு காலியாகிக் குமிழிக்கு வந்தது.

எல்லோருக்கும் கிடைத்தது என்று சொல்ல முடியாது. குமிழிக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். ஓடு அவர்கள் வரைக்கும் வரவில்லை. "அடுத்த சங்குக்கு மறுபடி கூப்பிடுவோம்" என்று பவளம் சொன்னாள். அவர்கள் மூடிகளோடு திரும்பிப் போனார்கள். ஆனாலும் அன்று அவர்கள் ஒருவர் வாசலில் ஒருவர் நின்று பேசிவிட்டுத்தான் போனார்கள்.

குமிழி மூடியைக் கழற்றிவிட்டு நத்தை ஓட்டுக்குள் போனாள். நடந்து பார்த்தாள். ஓடு அப்படியும் இப்படியும் ஆடியது. அவள் முகம் வாடிவிட்டது.

"அம்மா, இது எனக்குப் பெரிசா இருக்கு."

"பெரிசாத்தான்டி இருக்கணும்" என்றாள் பவளம். "வா, ரெண்டு பேரும் வயிறாரச் சாப்பிடலாம்."